தொட்டியின்மேல் விரித்த ரஜாய்

எனக்குப் பதினோரு வயதாயிருந்தபோது, பக்கத்து வீட்டு அத்தை சொன்ன ஓர் உண்மையை ஒரு கருவியைக் கொண்டு பொய்யாக்கினேன். விளையாட்டாகச் செய்ததல்ல. அந்தக் கருவி எப்படி எழுதினால் அவர் தோற்பார் என்று தெரிந்துகொண்டுதான் செய்தேன். பிற்காலத்தில் கல்லூரி வாத்தியாராகி, இயந்திரங்களின் அதிர்வை எப்படி அளப்பது என்பதையே பாடமாக நடத்திப் பிழைத்தேன். ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில், கருவியை எதன்மேல், எப்படிப் பொருத்த வேண்டும் என்று சொல்லும் இடம் வரும். அந்த இடத்தில் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன். ஏதோ படம் வரையப் போகிறேன் என்று பிள்ளைகள் பென்சிலை எடுப்பார்கள்.

அப்போது நாங்கள் போர்ட் பிளேரில், பஜாருக்கு மேலே ஏறும் சரிவில் குடியிருந்தோம். நான் அத்தா என்று கூப்பிடும் என் அப்பா, கமுதிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து மாவு மில் வைத்தவர். வீடு பலகை வீடு, தகரக் கூரை. அதை ஒட்டி மில்லுக்கு மட்டும் சிமெண்டுத் தரை போட்டு, அதில் ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சினை இறக்கியிருந்தார். எஞ்சின் ஓடினால் எங்கள் வீட்டுச் சட்டிபானையெல்லாம் தாமாகப் பேசிக்கொள்ளும். எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது. எஞ்சின் நின்றால்தான் அம்மா, என்ன ஆச்சு என்று எட்டிப் பார்ப்பார்.

வேலிக்கு அந்தப் பக்கம் அத்தையின் வீடு. எங்கள் முஸ்லிம் வீடுகளில் அத்தாவின் தங்கையை மாமி என்போம். அத்தை என்ற சொல் கிடையாது. ஆனால் இந்தப் பக்கத்து வீட்டுக்காரர் திருமணமாகி வந்திறங்கிய முதல் வாரமே என்னைக் கூப்பிட்டு, "என்னைய அத்தைன்னு சொல்லுடா, எங்கூருப் பிள்ளைக அப்படித்தான் சொல்லும்" என்று முடிவு செய்துவிட்டார். ராமநாதபுரத்துக்காரர். அவர் கணவர் துறைமுகத்துக்கும் பாம்பூஃப்ளாட்டுக்கும் இடையே ஓடும் படகில் செராங், சுக்கான் பிடிப்பவர். கோபக்காரர் இல்லை, ஆனால் கேலி பேசினால் ஆள் தாங்க முடியாது.

அத்தைக்கு அந்த வீட்டில் சொந்தப் பெருமை ஒன்று உண்டென்றால் அது மழைத்தண்ணீர்த் தொட்டி. கூரைத் தண்ணீரைத் தகர வாய்க்கால் வைத்து இறக்கி, செங்கல் சிமெண்டில் கட்டிய தொட்டியில் சேர்ப்பது. அந்தத் தீவில் வருடத்தில் பெரும்பகுதி மழைதான். ஆனால் தை மாதத்துக்குப் பிறகு வானம் கையை விரித்துவிடும். அடுத்த மழை வரும்வரை, சரிவின் அடியில் இருக்கும் பொதுக்குழாயில் வரிசை நிற்க வேண்டும். தொட்டி இருந்தவர்கள் நிற்க வேண்டியதில்லை. அத்தை நின்றதில்லை.

மில் வந்த அடுத்த வருடம் தொட்டியில் கீறல் விட்டது. முதலில் மயிர் போல ஒரு கோடு. பூசினார்கள். பூச்சுக்கு மேலேயே மறுபடியும் கோடு ஓடியது. கோடையில் பார்த்தால் தொட்டிக்கு அடியில் மட்டும் புல் பச்சையாக நின்றது. தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்கவே வேண்டாம்.

அத்தை வேலியருகே வந்து நின்று அத்தாவைக் கூப்பிட்டது நினைவிருக்கிறது.

"பாய், உங்க மில்லு ஓடும்போது வந்து எந்தொட்டியில கை வச்சுப் பாருங்க. காய்ச்சக்காரன் ஒடம்பு மாதிரி நடுங்குது."

"தொட்டி கட்டுன மேஸ்திரியக் கேளுங்கம்மா. சரிவுல மண்ணு எறங்கும். எஞ்சின் எங்க இருக்கு, தொட்டி எங்க இருக்கு?"

"மண்ணுக்குள்ள வந்துதானே ஆட்டுது."

"மண்ணு என்ன கம்பியா, சேதி கொண்டு போக?"

அத்தா சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. அடுத்த மாதமே அரசாங்க அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டார். எஞ்சினை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என்பது மனு. அத்தாவுக்கு வேறிடம் கிடையாது. பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் படுத்திருக்க, அந்தப் பக்கம் அவர் அம்மாவிடம் சொன்னது கேட்டது: "மில்ல மூடச் சொன்னா ஊருக்குப் போயிற வேண்டியதுதான்."

ஊர் என்று அவர் சொன்ன இடத்தை நான் பார்த்ததே இல்லை. கடல் கிடையாது என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். பயப்பட எனக்கு அது போதும்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால், அதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதையும்.

அத்தை வீட்டில் எனக்கு எப்போதும் போக்குவரத்து உண்டு. வழக்கு வந்த பிறகும் அவர் என்னை வராதே என்று சொன்னதில்லை. ஒரு நாள் தொட்டி மூடியின் மேல் எனக்குத் தண்ணீர் டம்ளரை வைத்தார். மில் ஓடிக்கொண்டிருந்தது. டம்ளருக்குள் தண்ணீரின் மேல் வட்டம் வட்டமாக அலை நடுங்கியது. அவர் சொன்னது முழுக்க உண்மை என்று அந்தக் கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. வெயிலில் உலர்த்திய ரஜாய் ஒன்று பக்கத்திலேயே, மூடிமேல் மடித்துக் கிடந்தது. ரஜாய் என்றால் பஞ்சு அடைத்துத் தைத்த கனத்த போர்வை. மழைக்கால ஈரத்துக்கு எல்லா வீட்டிலும் இருக்கும். டம்ளரை எடுத்து அந்த மடிப்பின் மேல் வைத்தேன். தண்ணீர் கண்ணாடி போல நின்றது. திரும்பவும் மூடிமேல் வைத்தேன், நடுங்கியது. இதில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இப்போதும் மறைக்க மாட்டேன். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்துவிட்டது போல இருந்தது.

அலுவலகத்திலிருந்து வந்தவர் ஓர் ஓவர்சியர். மெயின்லேண்டிலிருந்து வந்து அதிக நாளாகாதவர். சாலை போடுவதில் கெட்டிக்காரர் என்றார்கள். ஜெட்டி வேலைக்கென்று வாங்கி வைத்திருந்த அதிர்வுமானியை இரவல் வாங்கி வந்திருந்தார். அதை அன்றைக்குத்தான் முதன்முதலாகத் திறக்கிறார் என்பது அவர் பெட்டியின் கொக்கியைத் தேடியதிலேயே தெரிந்தது.

தேக்குப் பெட்டிக்குள் பித்தளையில் ஓர் உலகம். மெல்லிய சுருள்வில்லில் கனமான ஒரு குண்டு தொங்கியது. குண்டிலிருந்து நீண்ட ஒரு மெல்லிய கம்பி, சாவி கொடுத்தால் சுற்றும் உருளையைத் தொட்டுக்கொண்டிருந்தது. உருளையின் மேல் புகைக்கரி பூசிய காகிதம். தரை ஆடினால் பெட்டி ஆடும், உருளையும் சேர்ந்து ஆடும். ஆனால் மெத்தென்ற வில்லில் தொங்கும் குண்டு, தன் கனத்தால் அசையாமல் இருந்த இடத்திலேயே நிற்கும். நிற்கும் கம்பிக்கு முன்னால் ஆடும் காகிதம் ஓடும்போது, கரியில் வெள்ளைக் கோடு மேலும் கீழுமாக விழும். ஆட்டத்தை அளக்க வேண்டுமானால் எங்காவது ஓர் ஆடாத பொருள் வேண்டும் என்பதுதான் இந்தக் கருவிகளின் அடிப்படை. பின்னால் வந்தவற்றில் குண்டுக்குப் பதிலாகப் படிகத்தின் மேல் சிறு எடையை வைத்து, படிகம் நசுங்கும்போது பிறக்கும் மின்சாரத்தை அளந்தார்கள். இன்று சட்டைப்பை போனுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எடை சிலிக்கன் வில்லில் தொங்கிக்கொண்டிருக்கிறது. குணம் அதேதான்.

முதலில் மில் தரையில், எஞ்சினிலிருந்து சற்றுத் தள்ளிப் பெட்டியை வைத்தார். எஞ்சின் வேகம் பிடித்த பிறகு உருளையை ஓடவிட்டார். கரிக்காகிதத்தில் கோடு முள்வேலி போல எழுந்தது. ஓவர்சியர் உதட்டைப் பிதுக்கினார். "படா ஜோர் சே ஹில்தா ஹை, பாய்" என்றார். பலமாக ஆடுகிறதே என்று அர்த்தம். அத்தா தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அதில் மாவு இருந்ததால் முகம் இன்னும் வெளுத்தது. அடுத்தது தொட்டி என்று சொல்லிவிட்டு ஓவர்சியர் டீ குடிக்க உட்கார்ந்தார்.

நான் வேலியைத் தாண்டி ஓடினேன்.

அத்தை தொட்டி மூடியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அரசாங்கக் கருவி வந்து உட்காரப் போகிறது. சுத்தமாக இருக்க வேண்டாமா? குளித்துத் தலை முடித்து நல்ல சேலை கட்டியிருந்தார்.

எங்கள் தீவுக்காரர்களிடம் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. கப்பலில் வந்திறங்கிய சாமானை, அது கடிகாரமோ தையல் மிஷினோ ரேடியோவோ, நேராகக் கட்டாந்தரையில் வைக்க மாட்டார்கள். ரஜாயையோ சாக்கையோ மடித்துப் போட்டு அதன்மேல் சில நாள் வைப்பார்கள். கப்பலில் வந்த மனிதனுக்கே இறங்கிய பிறகும் தரை ஆடுகிறதே, சாமானுக்கும் கடலாட்டம் இறங்க வேண்டாமா என்பது கணக்கு. யார் தொடங்கியது என்று தெரியாது. வங்காளி வீட்டிலும் செய்தார்கள், தெலுங்கர் வீட்டிலும் செய்தார்கள். எங்கள் எஞ்சினே முதல் வாரம் கோணிக்கட்டின் மேல்தான் கிடந்தது.

"அத்தை, அந்த மிஷினு நேத்துத்தான் கப்பல்ல வந்துச்சாம். ரஜாய் போட்டு வைக்கணும்னு சொன்னாங்க" என்றேன்.

"அப்படியா? நல்லவேளை சொன்னேடா."

உள்ளே போய், கல்யாணத்துக்கு வந்த புது ரஜாயை எடுத்து வந்தார். இது கறையாகிவிடுமே என்றுகூட யோசிக்கவில்லை. அழகாக நாலாக மடித்து, ஓரம் இழுத்து, மூடிமேல் விரித்தார். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன்.

ஓவர்சியர் பெட்டியோடு வந்தவர் ரஜாயைப் பார்த்து நின்றார். "யே கிஸ் லியே?" எதற்கு இது என்றார்.

"கப்பல்ல வந்த சாமான், சாப்" என்றார் அத்தை, பணிவும் பெருமையுமாக. "ஆடக் கூடாதுல்ல."

ஆடுவதை அளக்க வந்த மனிதரிடம் ஆடக் கூடாது என்று சொல்லப்பட்டது. அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு, இரவல் கருவி, கீறல் படாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அவர் மனதில் வந்திருக்க வேண்டும். "அச்சா ஹை", நல்லதுதான் என்று சொல்லிப் பெட்டியை ரஜாயின் மேலேயே வைத்துவிட்டார்.

மில் ஓடியது. கோடு எழுந்ததா என்றால், எழுந்தது. கோழிமயிர் போல மெலிசாக. ஓவர்சியர் குனிந்து பார்த்து, நிமிர்ந்து அத்தையைப் பார்த்தார். அத்தையின் கணவர் செராங் மாமா இடுப்பில் கைவைத்து நின்றார். அத்தை தொட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தார். "இங்க வந்து தொட்டுப் பாருங்க சாப், இந்தா நடுங்குதே" என்றார். ஓவர்சியர் காகிதத்தைக் காட்டினார்.

எஞ்சினை நிறுத்தச் சொன்னார். உருளை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எஞ்சின் வேகம் குறைந்து, தக், தக் என்று இளைத்துக்கொண்டே வந்தபோது, எவரும் எதிர்பாராதது நடந்தது. அடங்கிக் கிடந்த கம்பி திடீரென்று எகிறி, காகிதத்தில் பெரிய பெரிய கோடுகளைக் கிழித்துவிட்டு, பிறகு அடங்கியது.

"கோன் ஹிலாயா?" என்று ஓவர்சியர் அதட்டினார். யார் ஆட்டியது?

"நான் தொடல சாப். சத்தியமா தொடல." அத்தை இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெட்டிக்கு மிக அருகில் நின்றவன் நான். என் தந்திரம் பிடிபட்டுவிட்டது, கருவியே காட்டிக்கொடுத்துவிட்டது என்று நினைத்தேன்.

"அத்தை கை பட்டுச்சு" என்றேன்.

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை. சந்தேகம், அதுவும் என்மேல் இல்லை. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். ஓவர்சியர் காகிதத்தில் அந்தப் பகுதியைப் பென்சிலால் அடித்துவிட்டார்.

அந்த எகிறல்தான் அன்றைக்கு அந்தக் கருவி எழுதிய ஒரே சாட்சி. மெத்தென்ற எதன்மேல் கனத்தை வைத்தாலும் அதற்கென்று ஒரு சொந்த ஆட்டவேகம் உண்டு. எஞ்சின் அதைவிட வெகு வேகமாக ஓடும்போது ரஜாய் ஆட்டத்தை விழுங்கிக்கொள்ளும். எஞ்சின் இளைத்து அந்த வேகத்தைக் கடக்கும்போது, விழுங்காமல் பெரிதாக்கித் துப்பும். பெட்டிக்கடியில் ஏதோ மெத்தென்று இருக்கிறது, அதனால் இந்த அளவு செல்லாது என்று கத்தியது அந்தக் கோடு. இதைக் கல்லூரியில் இரண்டாம் வருடத்தில் படித்தேன். அன்று விடுதியில் சாப்பிடப் போகவில்லை.

மில்லின் அதிர்வு தொட்டிவரை எட்டவில்லை, தொட்டிக் கட்டுமானத்தில்தான் குறை என்று தீர்ப்பாயிற்று. அம்மா பாயசம் வைத்தார். அத்தா ஒரு கிண்ணம் எடுத்துப் போய் வேலிக்கு மேல் நீட்டினார்; மனசில வச்சுக்காதீங்கம்மா என்றார். அத்தை வாங்கிக்கொண்டார்.

கொஞ்ச நாள் கழித்துத் துறைமுகப் பட்டறையில் யாரோ செராங் மாமாவிடம் விஷயத்தைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். ரஜாய் மேல் வைத்து அளந்தால் பூகம்பம்கூடத் தெரியாதே என்று. மாமா அலுவலகத்துக்கு ஓடினார். கருவி வேறு வேலைக்கு ஹேவ்லாக் தீவுக்குப் போய்விட்டது. எழுதியது எழுதியதுதான் என்றார்கள். அன்று சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் குரல் கேட்டது.

"ஒன்ன யாருடி ரஜாய் போடச் சொன்னது? கலெக்டர் வர்றாருன்னு நெனச்சியா? காலுக்குத் தலகாணியும் வச்சியா?"

அத்தை ஏதோ மெதுவாகச் சொன்னார். அது என் பெயராக இருக்கும் என்று நினைத்து, சுவரோடு ஒட்டி நின்று காத்திருந்தேன். மாமா வந்து எங்கள் கதவைத் தட்டுவார் என்று. யாரும் வரவில்லை.

அதன் பிறகு அந்தக் கேலி நிற்கவே இல்லை. அத்தை எதற்கு யோசனை சொன்னாலும், மாமா "ஆமா, ரஜாய் போடு" என்பார். கூரைத் தகரம் மாற்றலாமா என்றால் ரஜாய் போடு. சேவல் வாங்கலாமா என்றால் ரஜாய் போடு. பக்கத்து வீடுகளுக்கும் அது பரவியது. அந்தக் கோடையில் அத்தை குழாய் வரிசையில் நின்றார். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சரிவில் ஏறும்போது பாதியில் நின்று மூச்சு வாங்குவார். அவர் அப்போது மாசமாக இருந்தார் என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கியது. சில நாள் நான் ஓடிப்போய்க் குடத்தை வாங்கிக்கொள்வேன். "ஒங்க பிள்ளை தங்கம்" என்று அவர் அம்மாவிடம் சொன்னார். அதைக் கேட்ட பிறகு குடம் வாங்கப் போவதையும் விட்டுவிட்டேன்.

அடுத்த வருடம் என்னைப் படிக்க மதுரைக்கு அனுப்பினார்கள். கரண்டு மில்கள் வந்ததும் அத்தாவும் எஞ்சினை விற்றுவிட்டு ஊருக்கே போய்ச் சேர்ந்தார். எதற்குப் பயந்து அதைச் செய்தேனோ, அது சாவகாசமாகத் தானாகவே நடந்தது.

வேலை நிமித்தமாக இரண்டு முறை போர்ட் பிளேர் போனேன். இரண்டு முறையும் அத்தை எங்கே இருக்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இரண்டு முறையும் போகவில்லை. நேரமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மாலை முழுவதும் விடுதி மாடியில் உட்கார்ந்து துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓய்வு பெற்று, மனைவியும் போன பிறகு, போன வருடம்தான் போனேன். சாத்தாம் ஜெட்டியில் படகு ஏறி பாம்பூஃப்ளாட்டில் இறங்கினேன். அத்தை மகனோடு இருந்தார். மகன் வண்டூரில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறார். அத்தைக்கு முதுகு வளைந்திருந்தது. கண் நன்றாக இருந்தது. வாசலிலேயே "பாய் மகனாடா?" என்று கேட்டுவிட்டார். முன்னாலேயே சொல்லிவிட்டுப் போனதால் மீன் குழம்பு தயாராக இருந்தது. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம்.

பின்கட்டில் வாஷிங் மிஷின் துணி பிழியத் தொடங்கியது. தடதடவென்று அது தரையில் நகர்ந்து சுவரில் முட்டும் சத்தம்.

"அதுக்கு அடியில ஏதாச்சும் வையிடா. டைல்ஸ் ஒடையப் போவுது" என்றார் அத்தை.

"வச்சிரலாம்மா. ரஜாய் வச்சிரலாம்" என்றார் மகன். மருமகள் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தேன். மகன் என் பக்கம் திரும்பி, "அங்கிள், ஒங்களுக்குத் தெரியும்ல அந்தக் கதை? ஒங்க மில்லு விஷயம்தான்" என்று தொடங்கி, எல்லாவற்றையும் சொன்னார். அப்பாவிடம் கேட்டபடியே, அதே ஏற்ற இறக்கத்தோடு. காலுக்குத் தலகாணி வரைக்கும். அத்தை சிரித்தபடியே எனக்கு இன்னொரு துண்டு மீன் வைத்தார். எத்தனையோ தடவை கேட்டுக் கேட்டு அந்தச் சிரிப்பு அவர் முகத்தில் தயாராக இருந்தது.

"அத்தையா அதை வைக்கல. நான்தான் வைக்கச் சொன்னேன்" என்றேன்.

டம்ளரையும், நான் சொன்ன பொய்யையும், கை பட்டதாகச் சொன்னதையும், அந்த எகிறலுக்கு என்ன அர்த்தம் என்பதையும் சொன்னேன். எனக்கு விளக்கத் தெரிந்த விஷயம் அது ஒன்றுதான்; இருந்தும் தடுமாறினேன்.

"நீ சொல்லாட்டியும் போட்டிருப்பேன்டா. நம்ம வழக்கம்தானே" என்றார் அத்தை.

"இல்ல அத்தை. நீங்க மூடியத் தொடச்சுக்கிட்டிருந்தீங்க. வெறும் மூடிமேல வைக்கிறதுக்கு."

அவர் யோசித்தார். கை, சாப்பாட்டு மேஜையின் மேல் மெதுவாக வட்டம் போட்டது, துடைப்பது போல.

"ஆமா. தொடச்சேன்." பிறகு, "கை படலேன்னு எனக்குத் தெரியும். நீ சொன்ன பொறகு பட்டுச்சோன்னு எனக்கே ஆகிப்போச்சு. சின்னப்பிள்ள பொய் சொல்லுமான்னு நெனச்சேன்."

"அரே, சோடியே அங்கிள். பழைய கதை, விடுங்க" என்றார் மகன்.

"எதுக்குடா விடணும்?" அத்தையின் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. "நீங்க யாராச்சும் விட்டீங்களா? ஒங்கப்பா ஆஸ்பத்திரியில கெடக்கும்போது தலைக்கு முட்டுக்கொடுக்கப் போறேன், ரஜாய் போடாதடீங்கிறாரு. அதுதான் அவரு எங்கிட்டச் சிரிச்சுப் பேசுன கடைசிப் பேச்சு. அந்த மனுசங்கிட்ட இனி யாரு போய்ச் சொல்றது?"

பின்கட்டில் மிஷின் தானாக நின்றது. நான் மன்னிப்புக் கேட்டேன். அத்தை சாப்பிடச் சொன்னார், சாப்பிட்டேன். கிளம்பும்போது வாசல்வரை வந்து, "சரி, நீ அதத்தானே படிச்சிருக்கே. அந்த மிஷினுக்கு என்ன போடணும்?" என்று கேட்டார்.

"ரப்பர் கட்டை, அத்தை. கெட்டியானது. நாளைக்கு நானே வாங்கிட்டு வர்றேன். ரஜாய் வேண்டாம், இன்னும் மோசமா ஆடும்."

"நீ சொன்னாச் சரி" என்றார். "போன தடவையும் நீ சொன்னதத்தான் கேட்டேன்."

படகில் திரும்பி வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அந்தப் பதினோரு வயதுப் பையன் தான் ஒரு கருவியை ஏமாற்றியதாகத்தான் அன்று நினைத்தான். பெட்டி, குண்டு, கரிக்காகிதம், ஓவர்சியர், இவ்வளவுதான் அவன் கண்ணில் பட்டது. கல்யாண ரஜாயைக் கொண்டுவந்து விரித்தவர், அவன் பேச்சை ஒரு பெரிய மனிதரின் பேச்சுப் போல மதித்துத்தான் விரித்தார் என்பது அவனுக்குப் புரியவில்லை. ஆட்டம் ரஜாய்க்குள் போய்த் தீர்ந்துவிட்டதாக நினைத்தான். அது அந்த வீட்டில் ஒரே ஒருவர்மேல் போய் இறங்கும், அங்கேயே இருக்கும் என்பதும் புரியவில்லை.

மறுநாள் ரப்பர் கட்டைகளோடு போனேன். மகன் மிஷினைச் சாய்த்துப் பிடிக்க, நாலு காலுக்கும் வைத்தேன். ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். போனைத் தரையில் வைத்து, அதிர்வுக் கோடு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அத்தைக்குக் காட்டப் போனேன்.

"அதெல்லாம் எனக்கு வேண்டாம்" என்றார். உள்ளே போய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். மிஷினுக்குப் பக்கத்தில், வெறும் டைல்ஸ் மேல் வைத்தார். மிஷின் பிழியத் தொடங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குந்தி உட்கார்ந்து தண்ணீரையே பார்த்தார். மகனும் பக்கத்தில் குனிந்து பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் ஆடுதுல்ல?" என்றார்.

"ஆமா அத்தை, ஆடுது" என்றேன்.